அரைக் கட்டை

ஜெயம்மாள் ஆர்மோனியத்தின் எதிரில் சம்மணமிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். இடக்கை துருத்தியை அசைத்தது. வலக்கை விரல் ஒரே கட்டையை அழுத்திக்கொண்டிருந்தது. பாட்டு வரவில்லை. உதடு மட்டும், "கூடப் போவக் கூடாது... கூடப் போவக் கூடாது..." என்று முணுமுணுத்தது.

கூடத்துக்குள் நுழைந்த துளசிங்கம் அப்படியே நின்றார். விடிந்தால் பெண் பார்க்க வருகிறார்கள். இந்த நேரத்தில் மகள் யார் கூடப் போகக் கூடாதென்கிறாள்?

"இன்னாம்மா சொல்லிகினு கீற?"

ஜெயம்மாள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "மனசைச் சொல்றேன் நைனா. நாலு பேரு எதிர்ல அது பாட்டுக்கு ஓடுது. இஸ்துப் புடிச்சி ஒரு எடத்துல ஒக்கார வெச்சாத்தான் நான் நெனைச்ச மாதிரி பாட முடியும். பஜனை மடத்துக்கு வந்த சாமியாரு சொல்லிக் குடுத்த தியானம்."

துளசிங்கத்துக்குப் போன உயிர் திரும்பியது. வெள்ளிக்கிழமை பஜனையில் இவள் பாடினால் மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் படியிலேயே நின்றுவிடுவார்கள். அப்படிப்பட்டவளுக்கும் பயமா என்று எண்ணி, சத்தம் போடாமல் வெளியே போனார்.

தரகர் பங்காரு ஆர்.கே.பேட்டையிலிருந்து கொண்டுவந்த சம்பந்தம் அது. பையன் பரசுராமன், சொந்தத்தில் நாலு தறி. சண்டைக் காலத்து நூல் பஞ்சத்திலும் தறி நிற்காத வீடு. "பொண்ணு குயிலு மாதிரி பாடும்னு அட்ச்சிச் சொல்லிட்டு வந்துகீறேன். அந்த ஒரு நாளு பாடட்டும். அப்பறம் தறிச் சத்தத்துல பாட்டாவது ஒண்ணாவது!" என்று அவர் சிரித்தபோது எல்லோரும் கூடச் சிரித்தார்கள். ஜெயம்மாள் மட்டும் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பரசுராமனும் அவன் தாய் தாயம்மாளும் பங்காருவோடு வந்து இறங்கினார்கள். சர்க்கரை கிடைக்காததால் ஜெயம்மாளின் அம்மா கெங்கம்மாள் வெல்லத்தில் கேசரி கிளறியிருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் பெண்ணை அழைத்தார்கள்.

ஜெயம்மாள் வந்து விழுந்து கும்பிட்டாள். ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை நிதானமாக இழுத்துவிட்டாள். ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு முருகன்மேல் ஒரு பாட்டை எடுத்தாள்.

முதல் அடியிலேயே துளசிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரலில் நடுக்கமே இல்லை. ஆனால் ஆர்மோனியப் பெட்டி ஒரு பக்கம் போக, பாட்டு இன்னொரு பக்கம் போயிற்று. பங்காருவுக்கு இருமல் வந்தது. கெங்கம்மாள் அடுப்பைப் பார்க்கப் போனவள் திரும்பவே இல்லை.

ஜெயம்மாள் எதற்கும் அசையவில்லை. மூன்று சரணத்தையும் நிறுத்தி நிதானமாகப் பாடி முடித்தாள். தியானம் கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று துளசிங்கம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கொழந்தைக்கு நல்ல தகிரியம்," என்றாள் தாயம்மாள். பிறகு பங்காருவைப் பார்த்தாள். "பாட்டைப் பத்தி நீ சொன்னதே இப்படிக் கீது. மத்ததெல்லாம் எப்படியோ! ஊருக்குப் போயி சேதி சொல்லியனுப்புறோம்."

அந்தச் சேதி வராது என்று துளசிங்கத்துக்குத் தெரியும். துண்டால் முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. மகளைப் பார்த்தார். அவள் முகம், வேண்டுதலை முடித்து மலையிறங்கியவள்போல் தெளிவாக இருந்தது.

அதுவரை வாயே திறக்காத பரசுராமன் எழுந்திருக்கவில்லை. நகர்ந்து வந்து ஆர்மோனியத்தைத் தன் பக்கம் திருப்பினான். அவள் அழுத்திய கட்டையை விட்டு, பக்கத்திலிருந்த கறுப்புக் கட்டையை அழுத்தினான்.

"அதே பாட்டு. அதே கொரலு. இப்பப் பாடுங்க."

ஜெயம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

"பாடும்மா," என்றார் துளசிங்கம், ஒன்றும் புரியாமல்.

அவள் பாடினாள். குரலை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. ஆனால் பாட்டும் பெட்டியும் பாலும் தேனுமாகக் கலந்தன. துளசிங்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. தெருவில் போனவர்கள் வாசலில் நின்றார்கள்.

"அப்ப மொதல்ல ஏன் அப்படிப் பாடிச்சி?" என்றாள் தாயம்மாள்.

"வேணும்னேதாம்மா." பரசுராமன் சிரிப்பை அடக்கினான். "பொட்டி காதுல கூவிகினே கீது. அது கூடப் போவாம, அதுக்கு அரைக் கட்டை கீழ, கடேசி வரைக்கும் ஒரு எடத்துலயும் நழுவாம பாடினாங்க. தறிச் சத்தத்துல சுருதி வுடாம பாட நானுந்தான் எத்தினியோ வருசமாப் பழவுறேன். எனுக்கு நழுவிப் பூடுது."

துளசிங்கம் மகளைப் பார்த்தார். மகள் பரசுராமனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாயம்மாளுக்கு விஷயம் விளங்க ஒரு நொடி ஆயிற்று. முகம் சிவக்க முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "அப்போ பொண்ணுக்கு நம்மளைப் புடிக்கல. அத்தத்தான் பாட்டுல சொல்லிகீது. எய்ந்திருடா, போவலாம்."

ஜெயம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இப்பப் புடிச்சிருக்குங்க."