சங்கிலிப் பாலத்துப் புகார்

'உண்மைவிளம்பி' என்று தன் கணக்குக்குப் பெயர் சூட்டிக்கொண்டவன் எழுதியிருந்தது பச்சைப் பொய்.

விளையாட்டு மூன்றாவது லெவலில், சங்கிலிப் பாலத்தில் நின்றுவிடுகிறதாம். டிஸ்க் பழுதாம். பணம் திரும்ப வேண்டுமாம்.

படித்த வேகத்தில் சூறாவளி எழுந்து நின்றுவிட்டாள்.

சூறாவளி என்பது வீடியோ கேம் போட்டிகளில் அவள் வாங்கிய பட்டப்பெயர். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலும் அதுவே நிலைத்தது. கார்க் கதவு அவளுடைய வலக்கை விரல்களை நசுக்கிய நாளிலிருந்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை.

எலும்பு கூடிவிட்டது; கட்டும் பிரித்தாயிற்று. பிசியோதெரபிக்கு இரண்டு தடவை போனவள், இனி இந்தக் கை இவ்வளவுதான் என்று தானே தீர்ப்பு எழுதி நிறுத்திக்கொண்டாள். ஆசையாகச் சேர்த்த விளையாட்டுகளை ஒவ்வொன்றாக இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்த டிஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். நடுவளையத்தில் பொறித்திருந்த எண், அவள் அனுப்பிய அதே எண். முதுகில் ஒரு கீறல்கூட இல்லை.

"கரும்பை மென்னு முடிச்சுட்டு, சக்கையைக் குடுத்துக் காசு கேக்குற ஜாதி" என்றாள் கணவனிடம்.

விற்பனைத் தளத்தின் விதி கறாரானது. புகார் பொய்யென்றால் அதை விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். டிஸ்க்கின் எண்ணைக் காட்டி, அதைக் கன்சோலில் போட்டு, புகாரில் சொன்ன இடத்தைத் தாண்டும்வரை ஆடி, வெட்டி ஒட்டாத ஒரே வீடியோவாக அனுப்ப வேண்டும். முன்பு வந்த புகார்களில் மல்லுக்கு நிற்காமல் விட்டுக்கொடுத்திருந்தாள். இதிலும் தோற்றால் அவள் கணக்கையே மூடிவிடுவார்கள்.

தானே ஆடித் தருவதாகக் கணவன் மார்தட்டினான். முதல் லெவலின் வாசலைத் தாண்டுவதற்குள் செத்துச் செத்துப் பிழைத்து, கடைசியில் செத்தே போனான்.

மிச்சமிருந்தது நாத்தனார். ஒரு காலத்தில் அண்ணியோடு ஜோடி சேர்ந்து ஆடியவள்; சங்கிலிப் பாலம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சூறாவளி கெஞ்சாத குறையாகக் கேட்டாள். நாத்தனாரோ செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, தனக்கு ஆபீஸ் வேலை கழுத்து வரை இருக்கிறது என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பேசாம பணத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க அண்ணி. உங்க கைக்கு இனிமே டி.வி. ரிமோட்டே ஜாஸ்தி."

கணவன் தங்கையை அதட்டினான். சூறாவளி அலமாரியைத் திறந்து, தூசி படிந்த கன்ட்ரோலரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முதல் இரண்டு லெவல்களை இடக்கையை வைத்தே எப்படியோ ஒப்பேற்றினாள். பாலத்தில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. வலக்கை ஆள்காட்டி விரல் ஒரு பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க, கட்டைவிரல் இன்னொன்றை ஓயாமல் தட்ட வேண்டும். விரல் நழுவினால் பாதாளம்.

அன்று முழுக்கப் பாதாளம்தான். மறுநாளும் அதேதான். ஒவ்வொரு தடவை விழும்போதும் உண்மைவிளம்பியின் ஏழு தலைமுறைக்கும் அர்ச்சனை நடந்தது. விரல்கள் விண்ணென்று வலித்தன. வெந்நீரில் கையை முக்கி எடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நாத்தனார், பாலம் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

வார இறுதியில், பாலம் அவளுடைய காலுக்குக் கீழே கடந்து போயிற்று.

அவள் நிறுத்தவில்லை. நான்காவது லெவல், ஐந்தாவது லெவல் என்று கடைசிக் கோட்டை வரை போய்க் கொடி நாட்டிவிட்டுத்தான் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். வீடியோ பிடித்த கணவனுக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது.

"சூறாவளி" என்றான், கண் கலங்க.

"என்ன?" என்று திரும்பினாள்.

தளத்தின் தீர்ப்பு மறுநாளே வந்தது. புகார் தள்ளுபடி. பணம் அவளுக்கு, டிஸ்க் வாங்கியவருக்கு.

கூரியரில் அனுப்பினால் போதும் என்றான் கணவன். முகவரி ஊரின் மறுகோடிதான். நேரில் கொடுத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு கேள்வி கேட்காமல் வருவதில்லை என்று அவள் கிளம்பினாள்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடியேறி அழைப்பு மணியை அழுத்தினாள். வழி நெடுகக் கூர்தீட்டிய வசவுகள் நாக்கு நுனியில் தயாராக நின்றன.

கதவைத் திறந்தவர், அவள் பாதியில் விட்டுவந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா.

"நீங்களா மேடம் உண்மைவிளம்பி?"

அவர் டிஸ்க்கை வாங்கவில்லை. அவளுடைய வலக்கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்திப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"முகவரி மட்டும்தாம்மா என்னுது. வாங்கினதும் புகார் எழுதினதும் உங்க நாத்தனார். முதல் லெவல்லயே நின்னுடுச்சுன்னு எழுதலாமேன்னேன். 'அதை அண்ணி இடது கையாலயே முடிச்சுடுவாங்க; பாலத்துக்குத்தான் வலது கை வேணும்'னுட்டாங்க."