ஒன்றரை லிட்டர்

"சின்னதே போதும்" என்று மறுபடியும் சொன்னாள் ஜோகா.

ஹிலாலுக்கு எரிச்சலாக இருந்தது. நிஸ்வா கடைவீதியில் மலையேறுகிறவர்களுக்கான சாமான்களை விற்பவன் அவன். தண்ணீரில் போய்க் கஞ்சத்தனம் பிடிக்கும் மனைவியை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

அவள் கணவர் கல்ஃபான், முதுகுப்பைக்குள் வைக்கிற தண்ணீர்ப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கைவிட்டுக் கழுவ முடியுமா, குழாயில் உறிஞ்சினால் பிளாஸ்டிக் வாடை வருமா என்று விசாரித்தார். கடைசியில் மூன்று லிட்டர் பையில் அவர் கை நின்றது.

வெள்ளிக்கிழமை தவறாமல் தனியாக மலைக்குப் போகிறவராம். பழைய பை பாறையில் உரசிக் கிழிந்துவிட்டதாம்.

"அது ஒண்ணரை லிட்டர்தான். அதை வெச்சுக்கிட்டு ஓடையில மூணாவது மடு வரைக்கும்தான் போக முடிஞ்சுது" என்றார். "அதுக்குக் கீழ நான் இன்னும் பார்க்கல."

"கீழ என்ன ஐயா இருக்கு, வெறும் கல்லுதான்" என்றான் ஹிலால்.

பெரிய பை தோளை அறுக்கும் என்றாள் ஜோகா. முழங்காலுக்கு ஆகாது என்றாள். எதுவும் எடுபடவில்லை. அதற்குள் வெளியே யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். கல்ஃபானின் வண்டி வழியை மறித்து நின்றிருந்தது. பெரியதையே கட்டி வைக்கச் சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

ஜோகா அந்தப் பையின் மேல் கையை வைத்தாள். ஹிலால் பொறுமை இழந்தான்.

"அம்மா, இந்த வெயிலுக்கு மூணு லிட்டரே பத்தாது. தாகத்துல சுருண்டு விழுந்தவங்கள நானே தூக்கிட்டு வந்திருக்கேன். அவர் மேல அப்படி என்ன கோபம் உங்களுக்கு?"

"அவர் விழ மாட்டார் தம்பி. பையில பாதி தீர்ந்ததும் திரும்பிடுவார். ஒரு நாளும் அதை மீறினதில்ல."

"அப்புறம் என்ன? பெருசா இருந்தா இன்னும் கொஞ்ச தூரம் போயிட்டு வரட்டுமே."

ஜோகா வாசலைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"போன வருஷ வெள்ளத்துல எங்க மகன் அஸ்ஹர் அந்த ஓடையிலதான் போனான். உடம்புகூடக் கிடைக்கல. ஊரே தேடி ஓய்ஞ்சிருச்சு, இவர் ஓயல. தண்ணி பாதியானாத்தான் தம்பி, இவராவது வீட்டுக்கு வர்றார்."

ஹிலால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று லிட்டர் பையை எடுத்து மேசைக்கு அடியில் தள்ளினான்.

கல்ஃபான் திரும்பி வந்து, கட்டியாகிவிட்டதா என்று கேட்டார்.

"பெருசு ஒழுகுது ஐயா. சின்னதுதான் இருக்கு."