முப்பத்தொன்றாம் அட்டை

“அந்தக் கார்டை மட்டும் குடுத்துடுங்கக்கா, நான் ஏதோ தெரியாம…”

“தெரியாமயா? மூணு கேள்விக்கும் முத்து முத்தா எழுதி வெச்சுட்டு, தெரியாமயாம்!”

“எழுதினது நிஜம்தான். பெட்டியில போட்டிருக்கக் கூடாது.”

“போட்டாச்சுல்ல? இனிமே அது சங்கத்தோடது. கையை எடு.”

சங்கத் தலைவி பெரியக்கா அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். எலக்ட்ரீஷியன் நினைத்தால் எட்டிப் பிடுங்கியிருக்கலாம், அவள் உயரம் அவ்வளவுதான். ஆனால் கையை நீட்டியபடி அப்படியே நின்றான்.

சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் சங்கத்தின் ஆபீஸ். பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் பன்னிரண்டு தொண்டர்கள். சுவரில் பெரியக்கா கைப்பட எழுதி ஒட்டிய வரி: ‘ஒரு கதவுகூட விட்டுப்போகக் கூடாது.’

மாதம் ஒருமுறை அக்கம்பக்கத்துத் தெருக்களில் வயதானவர்கள் இருக்கும் முப்பது வீடுகளுக்குப் போய், மூன்று கேள்விகள் கேட்டு, வீட்டுக்கு ஓர் அட்டையாக எழுதி வந்து பெட்டியில் போடுவார்கள். பெயர் எழுதக் கூடாது, கதவு எண் எழுதக் கூடாது. எது யார் வீடு என்பது எழுதியவருக்கு மட்டும் தெரியும். உதவி செய்கிறோம் என்று யார் மானத்தையும் வாங்கிவிடக் கூடாது என்று பெரியக்கா போட்ட விதி அது.

“வேணும்னா உங்க வீட்டு பெல் மாட்டினதுக்குக் கூலியே வேண்டாம்க்கா. கார்டைக் குடுங்க.”

“பாத்தீங்களா, லஞ்சம்! மூணு மாசம் நடையா நடக்க விட்டுட்டு நேத்துதான், நான் இல்லாத நேரத்துல, எங்கம்மா கதவைத் திறக்க வந்து மாட்டியிருக்கான், பேச்சைப் பாரு.”

அறை சிரித்தது. எலக்ட்ரீஷியன் சிரிக்கவில்லை.

பெரியக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தாள்.

“வீட்ல பேச்சுத் துணைக்கு யாரு? ‘ரேடியோ.’ கடைசியா யார்கூட உக்காந்து சாப்பிட்டீங்க? ‘யோசிச்சுத்தான் சொல்லணும்.’ திடீர்னு கீழே விழுந்துட்டா யாரைக் கூப்பிடுவீங்க? ‘பிள்ளை இருக்கு. அதுக்கு ஆயிரம் வேலை. கூப்பிட மாட்டேன்.’”

சிரிப்பு நின்றுபோனது. தையல்காரம்மா மூக்கை உறிஞ்சினாள்.

“பிள்ளையாம் பிள்ளை!” பெரியக்கா அட்டையை உள்ளங்கையில் அடித்தாள். “யார் வீடு, சொல்லு தம்பி. அந்தப் பிள்ளையை இந்த நாற்காலியில உக்கார வெச்சு, நாலு பேர் முன்னாடி நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நான் கேக்கறேன்.”

“யார் வீடுன்னு கேக்கக் கூடாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?”

“விதியைப் போட்டவளுக்கு எடுக்கத் தெரியாதா?”

“வேண்டாம்க்கா.”

“இவ்வளவு பதறுறானே…” தையல்காரம்மா இழுத்தாள். “ஏம்ப்பா, உங்கம்மாவும் தனியாத்தானே இருக்காங்க?”

எல்லார் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. அவன் கருவிப் பையின் வாரை விரலில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான்.

“சரி. எங்கம்மான்னே வெச்சுக்குங்க.”

அதற்கப்புறம் பெரியக்காவை யார் பிடித்து நிறுத்துவது?

“ஊர்ல இருக்கிற இருட்டு வீட்டுக்கெல்லாம் லைட்டு போடுவே, பெத்தவ இருட்டுல உக்காந்திருக்கணுமா? சேவை பண்ண வந்துட்டியாக்கும் சேவை! வெக்கமா இல்ல?”

“இருக்குக்கா.”

அவன் காதுமடல் சிவந்துவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் தன் நாற்காலியை அரையடி தள்ளிப் போட்டுக்கொண்டார். போன வாரம்தான் அவர் வீட்டு ஃபேனை இவன் சும்மா சரிபண்ணிக் கொடுத்திருந்தான்.

“பெத்த மகன்கிட்டயே ரேடியோதான் துணைன்னு எப்படித்தான் வாய்விட்டுச் சொன்னாங்களோ!” என்றாள் பெரியக்கா.

“அவங்களேதான் கூப்பிட்டாங்க. எல்லார் வீட்லயும் போய்க் கேக்கறீங்களாமே, என்னை மட்டும் ஏன் யாரும் கேக்க வரலைன்னாங்க. எழுதிக்கச் சொன்னாங்க. எழுதினேன்.” “எனக்குத் தண்ணி குடுத்துட்டு, நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. மெதுவா குடின்னாங்க.”

பெரியக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்து மாட்டியதும் தோள்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“உன்னை நம்பி இனிமே பிரயோஜனம் இல்ல. நானே போறேன், இப்பவே. அவங்ககூட உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் வருவேன்.”

“நானும் வரேன் பெரியக்கா” என்றாள் தையல்காரம்மா.

“எல்லாருமே போவோம். அந்தம்மாவுக்கு நாம இத்தனை பேர் இருக்கோம்னு தெரியட்டும்” என்றாள் பெரியக்கா.

நாற்காலிகள் ஒவ்வொன்றாய்ப் பின்னால் நகர்ந்தன. எலக்ட்ரீஷியன் வாசல் நிலையில் கையை வைத்து மறித்துக்கொண்டான்.

“எல்லாரும் வேண்டாம்க்கா. நீங்க மட்டும் போங்க.”

“ஏன், நாலு பேர் பாத்தா உனக்குக் கேவலமா இருக்கோ? தள்ளு. அட்ரஸைச் சொல்லு.”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. அவள் காதுக்கு மட்டும் கேட்கட்டும் என்றுதான் குனிந்து சொன்னான்.

“அட்ரஸ் எதுக்குக்கா? அந்த வீட்டுச் சாவி உங்க பையிலதான் இருக்கு.”