சாவியை மேசைமேல் வையுங்கள்

“வண்டிச் சாவியை மேசைமேல வைங்க, ஆர்வோ. வீட்டுக்குக்கூட... நீங்க ஓட்டிட்டுப் போகக் கூடாது.”

டாக்டர் வெண்டல் க்ராஸ் இதைச் சொன்னபோது குரலில் கண்டிப்பு இல்லை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் கண்டிப்புக்கெல்லாம் அவரிடம் தெம்பு மிச்சம் இருப்பதில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த ஆர்வோ லெஹ்டினென் அமெரிக்காவின் டுலூத் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஓட்டுநர் தகுதிச் சான்றுக்காக உடம்பைக் காட்ட வந்தவர், உடம்பில் ஒரு குறையும் அகப்படாமலே வேலையை இழக்கும் நிலையில் இருந்தார்.

“நெஞ்சுல குழாய் வச்சுக் கேட்டீங்க, நல்லா இருக்குன்னீங்க. ஈசிஜி எடுத்தீங்க, அதுவும் நல்லா இருக்குன்னீங்க. அப்புறம் என்னதான் டாக்டர் கோளாறு?”

டாக்டர் மேசைமேல் இருந்த கறுப்பு வட்டைக் காட்டினார். அறையில் நடக்கும் பேச்சைக் கேட்டு, நோயாளியைப் பற்றிய குறிப்பைத் தானே எழுதிவிடும் செயற்கை நுண்ணறிவுக் கருவி அது. எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்பதால் நர்ஸ் பெர்னி அதற்குப் ‘பக்கத்து வீட்டுக்காரி’ என்று பெயர் வைத்திருந்தார்.

“இது சொல்லுது. மூச்சு வாங்குதாம்... பேச்சு நடுவுல நிக்குதாம்... இதயத்தைப் பார்க்கணுமாம்.”

“நேத்து கூரையேறிப் பனி தள்ளினவன் நான். எனக்கா மூச்சு வாங்குது?”

“எனக்குத் தெரியுது ஆர்வோ. அதுக்குத் தெரியலையே.”

டாக்டர் நினைத்தால் கணினித் திரையில் கருவி எழுதியிருந்த சிவப்பு வரியைப் பொருட்படுத்தாமல் சான்றில் கையெழுத்துப் போடலாம். ஆனால், நாளைக்கு ஒரு வண்டி நிறையப் பிள்ளைகளோடு இந்த மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், வக்கீல் முதலில் வாசிப்பது அந்த வரியைத்தான். அப்போது கூண்டில் நிற்கப்போவது கருவி இல்லை.

“ஐனோவுக்கு டயாலிசிஸ் நடக்குது” என்றார் ஆர்வோ. மனைவியின் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. “அவளோட மருத்துவக் காப்பீடு என் வேலையோட ஒட்டிக்கிட்டிருக்கு. பஸ் போச்சுன்னா அதுவும் போச்சு. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். காலையிலிருந்து வலித்துக்கொண்டிருந்த பல் இப்போது இன்னும் கொஞ்சம் வலித்தது. டாக்டர் தாடையைத் தேய்த்துக்கொண்டார்.

லிஃப்ட் பழுதாகி, படியேறி வந்ததிலிருந்தே அன்றைக்கு அவருக்கு நாள் சரியில்லை. போதாததற்குத் திங்கட்கிழமை மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பு வேறு. தலைப்பு, ‘கருவியை எப்போது நம்பலாம்?’ தலைப்பைக் கொடுத்த கல்லூரிக்கு விடை தெரியாது, அவருக்கும் தெரியாது. மாணவர்கள் எப்படியும் கருவியிடமே கேட்டுக்கொள்வார்கள்.

பெர்னி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். “என்ன, பக்கத்து வீட்டுக்காரி இன்னும் கோள் சொல்லி முடிக்கலையா?”

“இவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும் பெர்னி. ரெண்டு தெருதான்... நீங்க கொண்டுபோய் விட்டுடுங்க.”

“விடறேன். நீங்க மொதல்ல ஒரு காபி குடிங்க. முகம் பிழிஞ்சு போட்ட துணி மாதிரி இருக்கு.”

“வெள்ளிக்கிழமைன்னா என் முகம் இதுதான்.”

பெர்னி ஒரு பிளாஸ்டிக் கோப்பையை ஆர்வோவிடம் நீட்டினார். “கெளம்புறதுக்கு முன்னாடி இதுல கொஞ்சம் பிடிச்சுக் குடுத்துடுங்க. சிறுநீர்ச் சோதனை ஒண்ணுதான் பாக்கி.”

“பஸ்ஸும் இல்ல, சாவியும் இல்ல. கையில இதாவது இருக்கட்டும்.” ஆர்வோ சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, கோப்பையோடு தாழ்வாரக் கோடியில் இருந்த கழிப்பறைக்குப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ண பெர்னியும் வெளியே போனார்.

டாக்டர் கறுப்பு வட்டின் பக்கம் குனிந்தார்.

“ஆர்வோ லெஹ்டினென்... இதயப் பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறார்... முடிவு வரும்வரை... சான்று நிறுத்திவைப்பு.”

இருபது வருஷமாகத் தெரிந்த மனிதரின் பிழைப்பை இவ்வளவு சின்ன வாக்கியத்தில் முடித்துவிட முடிகிறதே என்று இருந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். திரை ‘டிங்’ என்றது.

கதவு திறந்த சத்தத்தில் கண் விழித்தபோது, காகிதத்தில் சுற்றிய கோப்பையோடு ஆர்வோ நின்றிருந்தார். டாக்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

“பாருங்க... நான் வேணும்னு பண்ணல. நீங்க வர்றதுக்குள்ள... மறுபடி எழுதியிருக்கு.”

சிவப்பு எழுத்தில் இரண்டு வரி இருந்தது. ‘மூச்சுத் திணறல் அதிகரிக்கிறது. நோயாளியை உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்பவும்.’

ஆர்வோ அதை ஒருமுறை படித்தார். இன்னொரு முறையும் படித்தார். கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு டாக்டரின் நெற்றியில் அரும்பியிருந்த வியர்வையையும், தாடையை விட்டு இறங்காத கையையும் பார்த்தார்.

கோப்பையைச் சிந்தாமல் மேசைமேல் வைத்துவிட்டு, அங்கே கிடந்த சாவியை எடுத்துக்கொண்டார்.

“நான் இப்பதானே உள்ள வர்றேன். எழுந்திரிங்க டாக்டர், வண்டியை நான் ஓட்டுறேன்.”