கால்மிதி

பள்ளிக் கண்காட்சியில் மூன்றாம் வகுப்பு அபிநயா செய்து வைத்திருந்த கால்மிதியைச் சுற்றித்தான் கூட்டம். இரண்டு அட்டை, உள்ளே அலுமினியத் தாள், ஒரு பேட்டரி, ஒரு மணி, அவ்வளவுதான். யார் மிதித்தாலும் மணி அடித்தது. அவள் அம்மா வசந்தமணிக்குப் பெற்ற வயிறு குளிர்ந்தது. ஆனாலும் பக்கத்தில் நின்ற புருஷனின் முகத்தை அடிக்கடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

“எம் புள்ளையாக்கும்!” என்று குமரேசன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

“எதுக்குடா செஞ்சே? திருடனைப் பிடிக்கவா?” என்று கேட்டார் பரிசுக்குப் பார்வையிட வந்த டீச்சர்.

“இல்ல மிஸ். அப்பா வர்றது முன்னாடியே தெரியணும்ல, அதுக்கு.”

“அப்பா மேல எவ்வளவு பாசம் பாருங்க! சார், நீங்களே மிதிங்க.”

குமரேசன் பூரிப்போடு காலை வைத்தான். மணி அடித்ததுதான் தாமதம், அக்காவின் கையைப் பிடித்து நின்ற குட்டித் தம்பி, கையை உதறிவிட்டு மேசைக்கடியில் புகுந்து தலையைப் பொத்திக்கொண்டான்.

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

“மணி அடிச்சா வீட்ல என்னம்மா பண்ணுவீங்க?” டீச்சரின் குரல் இறங்கியிருந்தது.

அபிநயா அம்மாவைப் பார்த்தாள். வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த அம்மா. குமரேசன் காலை எடுக்க மறந்து நின்றான். மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

வசந்தமணி மகளின் தோளில் கை வைத்தாள்.

“சத்தமாச் சொல்லு கண்ணு,” என்றாள். “எல்லாருக்கும் கேக்கட்டும்.”