குட்டிப் பட்டை

“கிராபிக்ஸ் கார்டு வாங்கிட்டேன், ரோடெல். உள்ள போகமாட்டேங்குது. நெட்டையா இருக்கு.”

“கார்டு வந்த பெட்டியிலயே குட்டித் தகரப் பட்டை ஒண்ணு தனியா கெடக்கும் பாரு, ஜென். கார்டு முனையில இருக்கற நெட்டைப் பட்டையக் கழட்டிட்டு அத மாட்டணும். ரெண்டே ஸ்குரூதான்.”

“எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? நீயே வந்து மாட்டிக் குடு.”

பதினான்கு மாதங்களுக்குப் பிறகு என் மனைவி ஜெனலின் போனில் என்னோடு பேசிய முதல் பேச்சு இது. அன்று காலை கடைக்கு வந்த மூன்று பேரை மறுநாள் வரச்சொல்லிவிட்டு, எங்கள் வீடு இருக்கும் ஹாரோவுக்குப் போகும் ஜீப்னி வண்டியில் ஏறிவிட்டேன்.

நாங்கள் பிரிந்ததற்குக் காரணம் நான் சொன்ன ஒரு வாக்கியம்தான்.

அவள் கல்யாண வீடியோ, ஞானஸ்நான வீடியோ எல்லாம் வெட்டி ஒட்டித் தருகிறவள். படம் திக்கித் திக்கி ஓடுகிறது, நல்ல கார்டு ஒன்று போட்டுக் கொடு என்று கேட்டாள். ஊருக்கெல்லாம் கணினி பழுதுபார்க்கும் நான், “உன் வெளயாட்டுக்கு இந்தப் பொட்டி போதும்” என்றேன். அன்றைக்கு மூண்ட சண்டையில் தலையணையோடு கடை மாடிக்குப் போனவன், இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அதற்கு அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். போனில் எத்தனையோ முறை அதை எழுதினேன். எழுதி எழுதி அழித்தேன்.

கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

“செருப்ப வெளியிலயே விடு. உனக்கு இது இப்ப கஸ்டமர் வீடு.”

விட்டேன்.

மேசை மேல் அந்தக் கணினி படுத்திருந்தது. ஜப்பானில் ஏதோ அலுவலகம் கழித்துக் கட்டிய சாமான்களோடு எங்கள் ஊர் இலோய்லோவின் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்தது. தடித்த அகராதி ஒன்றின் உயரம்தான் இருக்கும். எங்கள் முதல் கல்யாண நாளுக்கு நான்தான் வாங்கி வந்தேன். கார்டு பெட்டி பக்கத்திலேயே தயாராக இருந்தது. மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

மூடியைக் கழற்றினேன். கார்டைப் பையிலிருந்து உருவினேன்.

கை அப்படியே நின்றுவிட்டது.

இந்த வகைக் கார்டில் நெட்டைப் பட்டையைத்தான் மாட்டி அனுப்புவார்கள். குட்டிப் பட்டை ஓரமாகத் தனி உறையில் கிடக்கும். என் கடையில் இதுவரை நூறு கார்டாவது பிரித்திருப்பேன். ஒன்றுகூட மாறி வந்ததில்லை.

இதிலோ குட்டிப் பட்டை அழகாகப் பொருந்தியிருந்தது. உறைக்குள் நெட்டை தூங்கிக்கொண்டிருந்தது.

கார்டின் தங்கப் பற்களைச் சாய்த்துப் பார்த்தேன். புதிதாக உரசிய மெல்லிய கோடுகள். கணினிக்குள் குனிந்தேன். எங்கும் தூசி, கார்டு உட்காரும் பள்ளம் மட்டும் சுத்தமாக இருந்தது.

அவளே மாட்டியிருக்கிறாள். ஓட்டியும் பார்த்திருக்கிறாள். பிறகு கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு எனக்கு போன் செய்திருக்கிறாள்.

நெட்டையைத் திரும்ப மாட்டி வைக்கத்தான் மறந்துபோயிருக்கிறாள்.

விளையாட்டு என்று நான் சொன்ன வேலைக்காகத் தானே கார்டு வாங்கி, என் தொழிலையும் என்னைவிடச் சுத்தமாகச் செய்து முடித்தவள், எனக்கு இந்த வீட்டுக்குள் வர ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காக ஒன்றும் தெரியாதவளாகிவிட்டாள்.

திருப்புளியை எடுத்தேன். குட்டிப் பட்டையின் இரண்டு ஸ்குரூவையும் கழற்றினேன். பட்டையைத் துணியால் துடைத்தேன். பிறகு அதே இடத்தில் அதையே மாட்டி, மெதுவாக, மிக மெதுவாக முடுக்கத் தொடங்கினேன்.

“என்ன இவ்ளோ நேரம்?” பின்னாலிருந்து கேட்டாள்.

“பட்டைய மாத்திக்கிட்டிருக்கேன்.”

“கஷ்டமான வேலையோ?”

“ரொம்ப.”

அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். என் விரலிடுக்கில் இருந்த குட்டியைப் பார்த்தாள். நான் தொடாத உறைக்குள் கிடந்த நெட்டையைப் பார்த்தாள்.

அவள் காது மடல் சிவந்தது.

கார்டைப் பள்ளத்தில் வைத்து அழுத்தினேன். ‘டக்’கென்று உட்கார்ந்தது. திரையின் கேபிளைப் பின்பக்கம் புதுத் துளையில் செருகி, பொத்தானை அமுக்கினேன். ஜென் தான் வெட்டி ஒட்டிய ஒரு கல்யாண வீடியோவை ஓடவிட்டாள்.

திரையில் யாரோ ஒரு மணப்பெண் தேவாலயப் படிகளில் இறங்கி வந்தாள். ஒரு படியில்கூடத் திக்கவில்லை. அவள் முக்காடு காற்றில் எழுந்து மடிந்தது. அந்த அசைவு முடியும் இடத்தை எத்தனை அழகாக அறிந்து ஜென் வெட்டியிருந்தாள்! எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் வேலையை நான் இவ்வளவு நேரம் நின்று பார்த்ததில்லை.

“தேங்க்ஸ்” என்றாள், திரையைப் பார்த்துக்கொண்டே.

“நான்தான் சொல்லணும்.”

மூடியைப் போட்டேன். திருப்புளியைப் பையில் வைத்தேன். இனி இங்கே எனக்கு எந்த வேலையும் இல்லை. வாசல் மூன்று எட்டில் இருந்தது.

அவள் தன் பங்குக்கு இவ்வளவு தூரம் வந்துவிட்டாள்.

“ஜென்.”

“ம்?”

“ஸ்குரூ ரெண்டும் நீ முடுக்கினதுதான் கரெக்டா இருந்துச்சு. அன்னிக்கு நான் பேசினதுதான் தப்பு.” பையின் வாரை விரலில் சுற்றினேன், அவிழ்த்தேன், மறுபடி சுற்றினேன். “நான் வீட்டுக்கு வந்துடட்டுமா?”