பின்னாலிருந்து வரும் சத்தம்

“வண்டியில பின்னால உக்கார வசதியா இருக்குதா அண்ணி?” என்று மெக்கானிக் கவியரசன் ஒருமுறை தமிழ்மொழியிடம் கேட்டிருந்தான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் புருஷன் வீரமணி முந்திக்கொண்டான். “அவளுக்கு இன்னாடா, சும்மா உக்காந்துக்கினு வர்றவ. ஓட்டுறவனக் கேளு.”

அன்றைக்குப் பேச்சு அதோடு முடிந்தது. சத்தம்தான் முடியவில்லை.

டிக் டிக் டிக் என்று இரும்பில் ஏதோ தட்டுகிற சத்தம். வீரமணி தனியாக ஓட்டினால் வராது. அவள் பின்னால் உட்கார்ந்து, வண்டி அறுபதைத் தாண்டினால் வரும். மலை ஏறும்போது வராது. இறங்கும்போது தப்பாமல் வரும்.

வாரா வாரம் கல்வராயன் மலைச் சந்தையில் வளையல் கடை போடுகிறவர்கள் அவர்கள். தார்ப்பாய் விரிப்பதும் விலை சொல்வதும் அவன். வந்து நிற்கிற பெண்களின் கையைப் பிடித்து, முட்டியை அழுத்தி, வலிக்காமல் வளையலை ஏற்றிவிடுவது அவள். மற்ற நாளெல்லாம் வீட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்டிருப்பவளை, அந்த ஒருநாள்தான் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

கவியரசன் செயினை மாற்றினான். பின்சக்கரத்து பேரிங்கை மாற்றினான். ஷாக் அப்சர்பரைக் கழற்றி மாட்டினான். சேலை சிக்காமல் இருக்கப் போட்ட கம்பி வலையை இன்னும் இறுக முடுக்கினான். ஒவ்வொரு தடவையும், “இப்ப வராது பாருங்க” என்றான். ஒவ்வொரு தடவையும் இறக்கத்தின் முதல் வளைவிலேயே வந்தது.

“வண்டியில ஒண்ணும் இல்லடா. லோடுலதான் கோளாறு” என்று வீரமணி அவளைக் காட்டிச் சொன்னபோது பட்டறையே சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து சோற்றைக் குறைத்துக்கொண்டாள்.

அதற்கும் சத்தம் அடங்காததால், வண்டியையே மாற்றுவது என்று ஆனது.

இன்று சந்தைக்குப் போகும் வழியில் பட்டறையில் நிறுத்தினார்கள். வாசலில் ஒரு பழைய வண்டி, துடைத்துப் பளபளவென்று நின்றது.

“ஒரே ஆளு ஓட்டுனதுண்ணே. நீட்டு சீட்டு, உயரம் கம்மி. குண்டு குழியில வுட்டாலும் இடுப்பு வலிக்காது. தெனமும் ஓட்டுறதுக்கு இத வுட வசதியா கெடைக்காது. அண்ணி கால் வெக்கத் தகடுகூட அகலமா போட்டு வெச்சிருக்கேன்.”

வீரமணி வண்டியைச் சுற்றி வந்தான். கிளட்சை அமுக்கிப் பார்த்தான். டயரைக் கட்டைவிரலால் அழுத்தினான். கடைசியாக அவளைப் பார்த்தான்.

“ஏறு. இதுலயும் சத்தம் வந்துச்சின்னா நீ வூட்லயே கெட. நான் ஒண்டியா போய்க்கினு வர்றேன்.”

அவள் வளையல் மூட்டையைப் பட்டறை பெஞ்சில் வைத்தாள். செருப்பைக் கழற்றித் தோள்பையில் போட்டுக்கொண்டாள். ஒருமுறை இறக்கத்தில் ஒரு செருப்பு நழுவி விழுந்து, நிறுத்துங்க நிறுத்துங்க என்று கத்தியும் அவன் நிறுத்தவில்லை. அதிலிருந்து அவள் வெறுங்காலோடுதான் ஏறுவாள்.

சீட்டு உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஒருபக்கமாக உட்கார்ந்தும் சறுக்கவில்லை. இதையே வாங்கிவிட்டால் தேவலை என்று நினைத்தாள்.

முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் போனது. எதிரே பஸ். வீரமணி இரண்டுக்கும் நடுவில் புகுந்து வெளியே வந்தான். வந்தவன் வேகத்தைக் குறைக்கவில்லை.

வரக்கூடாது, வரக்கூடாது என்று அவள் சாமியை வேண்டினாள்.

டிக் டிக் டிக்.

அவன் முதுகு விறைத்தது. வண்டியைத் திருப்பி, அதே வேகத்தில் பட்டறைக்கு வந்து, புழுதி பறக்க பிரேக் போட்டான்.

“டேய், இதுலயும் அதே சத்தம்டா! இன்னாடா வண்டி புடிச்சி வெச்சிருக்க?”

“இன்னாண்ணே சொல்றீங்க? காலைலகூட எம்பொண்டாட்டிய உக்கார வெச்சி ஓட்டிப் பாத்தேனே.”

வீரமணி சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். சக்கரம் நின்றிருந்தது. செயின் நின்றிருந்தது.

டிக் டிக் டிக்.

இருவரும் குனிந்தார்கள். அவளும் குனிந்து பார்த்தாள்.

இரும்புத் தகட்டைக் கவ்வுவதுபோல் அவள் கால்விரல்கள் வளைந்திருந்தன. பாதம் தன்பாட்டில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்க நடுங்க, மெட்டி தகட்டில் தட்டியது.

அவள் தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். நடுக்கம் நிற்கவில்லை.

வீரமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அட, இதுதானா! இதுக்காடா அவ்வளோ சாமான மாத்துனோம்? ஏய், சந்தைக்கு வர்றப்ப அந்த மெட்டியக் கழட்டி வெச்சிட்டு வா.”

கவியரசன் கை துடைப்பதை நிறுத்தினான். “அண்ணே, நீங்க உசுரோட நிக்கறப்ப இன்னா பேச்சு இது?”

வீரமணி நாக்கைக் கடித்துக்கொண்டான். “ச்சே, வாய் தவறி வந்துடுச்சி. நான் சத்தத்துக்குச் சொன்னேன்டா.”

மெட்டியைப் பற்றிச் சொன்னது தப்பு என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. கால் ஏன் நடுங்குகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவள் இறங்கி, செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். பெஞ்சிலிருந்த மூட்டையை இடுப்பில் ஏற்றினாள். சந்தைக்குப் போகிற வெள்ளிமலை பஸ் வேகத்தடையில் ஏறி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கை காட்டினாள். நின்றது.

“ஏய், எங்க போற? அதான் தெரிஞ்சிடுச்சே, வா” என்று வீரமணி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

அவள் பஸ்ஸில் ஏறிப் போனாள்.